விளையாடேக்க லப்டொப் அடிக்கடி கிராஷ் ஆகுதா? வன்னியில இருக்கிற ஆக்களுக்கு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கம் இப்ப கேமிங் லப்டொப் வச்சிருக்கிற பெடியள் பெட்டையள் கனபேர். கேம் ரெண்டு மூண்டு தரம் தானா மூடுப்பட்டவுடன கனபேர் செய்யிறது ஒண்டுதான், விண்டோஸை அழிச்சுத் திருப்பிப் போடுறது. அதோட அரைநாளும் போய், இருந்த டேட்டாவும் முடிஞ்சு, கேமைத் திருப்பி இறக்கி ஓடவிட்டா அதே இடத்தில திரும்பவும் மூடுப்படும். நான் பாத்த அளவில எங்கட பக்கத்து லப்டொப்புகளுக்குப் பிரச்சினை வாறது முதல் கரண்டிலயும் சூட்டிலயும்தான், விண்டோஸ் கடைசி.

அதால கீழ சொல்லுற ஒழுங்கை மாத்தாதேங்கோ. காசும் டேட்டாவும் செலவில்லாத வேலை முதல் வருது, கழட்டிப் பூட்டுற வேலை பிறகு, அழிக்கிற வேலை எல்லாத்துக்கும் கடைசியில.

தொடங்க முதல் கையில இருக்க வேண்டியது

ஒரு கொப்பியும் பேனையும். எந்தக் கேம், எத்தினை மணிக்கு, எவ்வளவு நேரம் ஓடினாப்பிறகு, ஸ்கிரீன்ல என்ன வந்தது எண்டு ஒவ்வொரு கிராஷையும் எழுதுங்கோ. ஒரு நேரத்தில ஒரு மாத்தம் மட்டும் செய்யுங்கோ, டிரைவரையும் (விண்டோஸ் கிராஃபிக்ஸ் கார்டோட பேசிற சொப்ட்வெயார்) மாத்தி செட்டிங்கையும் குறைச்சுக் கூலிங் பாட்டும் வச்சா எதால சரிவந்தது எண்டு ஒருநாளும் தெரியாது, பிறகு திரும்பி வரேக்க முதல்ல இருந்து தொடங்க வேணும்.

எச்.டபிள்யூ.இன்ஃபோ எண்ட இலவச சொப்ட்வெயாரை இறக்கி வையுங்கோ, சின்ன பைல்தான், சூட்டைப் பாக்க அது காணும். முக்கியமான பைல்களை, விசேஷமா அசைன்மென்ட், புரொஜெக்ட் இருந்தா, ஒரு பென்டிரைவில கொப்பி பண்ணுங்கோ. கிராஷ் ஆகிற மெஷினில டிஸ்க்கும் பழுதாப் போய்க்கொண்டிருக்கலாம்.

1. எப்பிடி நிக்குது எண்டு பாருங்கோ

எல்லாத்தையும் "கிராஷ்" எண்டு ஒரே பேரில சொல்லுறதாலதான் கனபேர் பிழையான இடத்தில தேடுகினம். கேம் மட்டும் மூடுப்பட்டு டெஸ்க்டொப் வந்தா, கேம் பைல், டிரைவர், மெமரி இந்த மூண்டில ஒண்டு. ஸ்கிரீன் ஒருக்கா கறுத்துத் திருப்பி வந்து கேம் மட்டும் செத்துப்போனா கிராஃபிக்ஸ் டிரைவர்ப் பக்கம் பாருங்கோ, ஏனெண்டால் கார்ட் 2 செக்கனுக்குள்ள பதில் சொல்லாட்டி விண்டோஸ் டிரைவரைத் தானே நிப்பாட்டித் திருப்பி எழுப்பும்.

நீல ஸ்கிரீன் வந்தா அதில கீழ இருக்கிற ஸ்டொப் கோட்டைப் போனில படம் எடுங்கோ. ஒண்டும் சொல்லாமல் லப்டொப்பே பட்டெண்டு நிண்டாலோ தானா ரீஸ்டார்ட் ஆனாலோ கேமைத் தொடவே வேண்டாம், நேர 3ஆம், 4ஆம் படிக்குப் போங்கோ. படம் அப்பிடியே உறைஞ்சு சத்தம் மட்டும் டிர்ர்ர் எண்டு நிக்காமல் வந்தா அது சூடாவும் இருக்கலாம் ராமாவும் (மெமரி) இருக்கலாம், அடுத்த படியில வாற பதிவைப் பாத்துத்தான் சொல்லலாம்.

2. விண்டோஸ் எழுதி வச்சிருக்கிறதை வாசியுங்கோ

ஸ்டார்ட் மெனுவில ரிலையபிலிட்டி எண்டு தேடினா ரிலையபிலிட்டி ஹிஸ்டரி வரும். நாள் நாளா எது எப்ப விழுந்தது எண்டு சிவப்பு வட்டத்தில காட்டும், அதை அமத்தினா எந்த பைலால விழுந்தது எண்டும் சொல்லும். ஒரே கேமின்ர பேர் மட்டும் வந்தா பிரச்சினை அந்தக் கேமோட. குரோம், வேர்ட், கேம் எண்டு எல்லாமே மாறி மாறி விழுந்திருந்தா ராம், டிஸ்க், கரண்ட் பக்கம் பாக்க வேணும். இந்த ஒரு விசயம் பாதி வேலையைக் குறைக்கும், ஆனா கனபேர் இப்பிடி ஒண்டு இருக்கெண்டே அறியேல்ல.

அதுக்குப் பிறகு ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லொக்ஸ், அதுக்குள்ள சிஸ்டம். கொப்பியில எழுதின நேரத்துக்குப் போய் சிவப்பு, மஞ்சள் வரிகளைப் பாருங்கோ:

கேர்னல் பவர் 41 எண்டால் லப்டொப் ஒழுங்கா ஷட்டவுண் ஆகாமல் நிண்டிருக்கு. உள்ளுக்குப் பக்செக் கோட் (நீல ஸ்கிரீனின்ர பிழை நம்பர்) 0 எண்டு இருந்தா விண்டோஸுக்கு நீல ஸ்கிரீன் போடக்கூட நேரம் கிடைக்கேல்ல, கரண்டையும் சூட்டையும் பாருங்கோ.

டிஸ்ப்ளே 4101, இல்லாட்டி என்.வி.எல்.டி.டி.எம்.கே.எம் எண்ட பேர் வந்தா கிராஃபிக்ஸ் டிரைவர் விழுந்து எழும்பியிருக்கு. அந்த நீட்டுப் பேர் என்விடியா டிரைவரின்ரதான்.

வீயா லொகர் (WHEA-Logger) எண்டு வந்தா புரொசசர், மெமரி, அதுகளை இணைக்கிற பாதை பக்கம் ஹார்ட்வெயார் பிழை. அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைக்கிறது), ஓவர்குளொக் (வேகத்தைக் கூட்டிறது) ஏதும் செய்திருந்தா முதல் அதை எடுங்கோ.

ரிசோர்ஸ் எக்சோஷன் 2004 எண்டால் மெமரி முடிஞ்சு போச்சு, 7ஆம் படி.

41ஐக் கண்டவுடன பவர் சப்ளை போச்சு எண்டு முடிவெடுக்கிறது பொதுவா நடக்கிற பிழை. அந்த நம்பர் சொல்லுறது "பட்டெண்டு நிண்டது" எண்டதை மட்டும்தான், ஏன் எண்டதை அது சொல்லாது. பவர் பட்டனை நீங்களே அமத்திப் பிடிச்சு நிப்பாட்டினாலும் அதே 41 விழும்.

3. கரண்ட்

வீட்டில தண்ணி மோட்டர் போடேக்க லைட் மங்கி எழும்பிறதைப் பாத்திருப்பியள். அந்த நேரம் லப்டொப் அடப்டருக்குப் போற வோல்டேஜும் விழுது. அடப்டரில 100 முதல் 240 வரை எண்டு எழுதியிருக்கும், அதால கொஞ்சம் குறையிறது பிரச்சினையில்லை. ஒரு கணம் முற்றா அறுந்து வந்தாலோ, மல்டி பிளக் லூசாக இருந்தாலோ லப்டொப் பற்றரிக்கு மாறித் திருப்பிக் கரண்டுக்கு வரும். கேம் முழு வேகத்தில ஓடிக்கொண்டிருக்கேக்க கார்டுக்குப் போற பவர் இப்பிடிக் குறைஞ்சு கூடினா சில மெஷினில டிரைவர் விழும். பற்றரி பழசாப் போயிருந்தா லப்டொப்பே நிண்டுபோகும்.

முதல் சோதனை: கேம் ஒண்டும் ஓடாமல், வேலையெல்லாத்தையும் சேவ் பண்ணிப்போட்டு அடப்டரை இழுத்து விடுங்கோ. உடன நிண்டா பற்றரி செத்துப்போச்சு, உங்களுக்குக் கிராஷ் வாறது ஒவ்வொரு சின்னக் கரண்ட் வெட்டுக்கும்தான்.

ரெண்டாவது, அடப்டரின்ர வாட். அடப்டரில அவுட்புட் எண்டு இருக்கிற வோல்டையும் அம்பியரையும் பெருக்குங்கோ, 20 வோல்ட் 9 அம்பியர் எண்டால் 180 வாட். லப்டொப்புக்கு கொம்பனி சொன்ன வாட்டோட ஒத்துப்பாருங்கோ. பழைய அடப்டர் பழுதாகி கடையில "இதுவும் பூரும்" எண்டு சொல்லி 90 வாட் ஒண்டை வாங்கினா சார்ஜ் ஏறும், படம் பாக்கலாம், கேம் ஓடேக்க விழும். சி டைப் 65 வாட் சார்ஜரும் அப்பிடித்தான். அறியிறது லேசு: கரண்டில போட்டு ஒரு மணித்தியாலம் விளையாடி, தொடக்கத்தில பற்றரி எத்தினை வீதம் முடிவில எத்தினை எண்டு பாருங்கோ. கனக்க இறங்கினா அடப்டர் காணாது, இல்லாட்டி பழுது.

மூண்டாவது, சுவர்ப் பிளக்கில நேர குத்துங்கோ. ஃபிரிட்ஜ், அயன், மோட்டர் எல்லாம் தொங்கிற எக்ஸ்டென்ஷன் வயரில வேண்டாம். ராவில, வீட்டில வேற ஒண்டும் ஓடாத நேரம் விளையாடிப் பாருங்கோ. ராவில கிராஷ் இல்லை, பகலில வருது எண்டால் கரண்ட் இல்லாட்டி சூடு எண்டு உறுதி, ரெண்டில எது எண்டதை அடுத்த படி சொல்லும். ஐப்பசி கார்த்திகையில இடி மின்னல் நேரம் பிளக்கைக் கழட்டி வையுங்கோ, அது கிராஷுக்கு இல்லை, லப்டொப் தப்பிறதுக்கு.

4. சூடு

இதில அவசரப்படாதேங்கோ. எங்கட பக்கம் கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில கிரவல் றோட்டுத் தூசி வீட்டுக்குள்ள வந்து எல்லாத்திலயும் படியும், நெல்லு வெட்டுற காலத்தில சொங்கும் சேரும். ஃபான் அதை உள்ளுக்கு இழுத்து ஹீட் சிங்க் (சூட்டை வெளிய விடுற தகட்டு அடுக்கு) இடுக்கில கம்பளி மாதிரி அடைக்கும். அதோட தகரக் கூரை வீட்டில மத்தியான நேரம் அறைக்குள்ள 35 டிகிரிக்கு மேல போகும். அறைச் சூடு 10 டிகிரி கூடினா உள்ளுக்கும் கிட்டத்தட்ட அந்தளவு கூடும், லப்டொப் எப்பிடியும் அறையை விடக் குளிராகாது. ஏசி அறையில வச்சுச் சோதிச்சு வெளிநாட்டுக்காரர் சொல்லுற நம்பரை எதிர்பாக்காதேங்கோ.

முதல் அளவுங்கோ. எச்.டபிள்யூ.இன்ஃபோவைத் திறந்து சென்சர் மட்டும் எண்டதைத் தெரிஞ்சு ஓடவிட்டு, கேமை அரை மணித்தியாலம் விளையாடிப்போட்டு மாக்சிமம் எண்ட வரிசையைப் பாருங்கோ. இன்டெல் புரொசசர் கனக்க மாடலுக்கு எல்லை 100 டிகிரி, ரைசன் கனக்கத்துக்கு 95. கிராஃபிக்ஸ் கார்ட் 87க்குக் கிட்டப் போனா என்விடியா லப்டொப் கார்டுகள் பொதுவா வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். கேமிங் லப்டொப்புக்கு 90ஐத் தொடுறது புதினமில்லை. ஆனா நிமிசக் கணக்கா எல்லையிலயே நிண்டாலோ, தேர்மல் திரொட்லிங் (சூட்டால வேகத்தைக் குறைக்கிறது) எண்ட இடத்தில ஓம் எண்டு வந்தாலோ வேலை இருக்கு.

ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ, சூடானவுடன கிராஷ் ஆகாது, முதல் வேகம் குறையும், கேம் இழுபடும், அதுக்கும் மேல போனாத்தான் நிக்கும். விளையாடத் தொடங்கி 20, 30 நிமிசத்தில ஃபிரேம் (ஒரு செக்கனுக்குக் கீறுற படங்களின்ர எண்ணிக்கை) விழுந்து பிறகு கிராஷ் எண்டால் சூடு. கேமைத் திறந்தவுடனயே லோடிங்கில விழுந்தா சூடு இல்லை, அதுக்கு ஃபானைக் கழட்டி வேலையில்லை.

செய்யிறது இந்த ஒழுங்கில:

அ. கட்டில், மெத்தை, மடி மூண்டையும் விடுங்கோ. மேசையில வச்சு பின்பக்கத்தை ரெண்டு ஒரேயளவு பலகைத் துண்டால ரெண்டு மூண்டு சென்டிமீற்றர் உயர்த்துங்கோ, காத்து இழுக்கிற ஓட்டை கனக்க மாடலில அடியிலதான் இருக்கு. பின்னுக்குச் சுவரோட ஒட்டினா வெளிய தள்ளின சூட்டையே திருப்பி இழுக்கும். இதுக்கு ஒரு சதமும் வேண்டாம், இதாலயே நல்லா இறங்கின மெஷின்கள் இருக்கு. கூலிங் பாட் வாங்க நினைக்கிற ஆக்கள் இதைச் செய்து அளந்துபோட்டு வாங்குங்கோ.

ஆ. ஃபிரேமைக் கட்டுப்படுத்துங்கோ. கேம் செட்டிங்கிலயோ என்விடியா கொன்ட்ரோல் பனலிலயோ 60ல நிப்பாட்டுங்கோ. கட்டுப்பாடு இல்லாட்டி மெனுவில சும்மா நிக்கேக்கயே கார்ட் நூற்றுக்கணக்கில ஃபிரேம் கீறும், அவ்வளவும் வீண் சூடு.

இ. பவர் ஒப்ஷனில மாக்சிமம் புரொசசர் ஸ்டேட் எண்டதை 100ல இருந்து 99 ஆக்கினா கனக்க இன்டெல் மெஷினில டர்போ (புரொசசர் தானா வேகத்தைக் கூட்டிறது) நிக்கும், சூடு நல்லா இறங்கும். கேம் வேகம் கொஞ்சம் குறையலாம். இதை மருந்தா நினைக்காமல் சோதனையா நினையுங்கோ: 99ல கிராஷ் நிண்டுபோனா காரணம் சூடோ பவரோதான்.

ஈ. தூசி. வாரண்டி இருந்தா மூடியில ஸ்டிக்கர் இருக்கோ எண்டு பாருங்கோ, உடைச்சா வாரண்டி போகலாம். திறக்கிறதெண்டால் ஷட்டவுண் பண்ணி, அடப்டரைக் கழட்டி, பவர் பட்டனை 10 செக்கன் அமத்தி, மூடியைக் கழட்டினவுடன பற்றரிக் கனெக்டரை எடுத்துப்போட்டுத்தான் மற்றதைத் தொட வேணும். ஃபான் இலையை ஒரு ஈர்க்கால தடுத்துப் பிடிச்சுக்கொண்டு புளோவராலயோ மெல்லிய தூரிகையாலயோ தூசியை வெளிப்பக்கம் தள்ளுங்கோ. ஃபானைச் சுத்தவிட்டு ஊதினா பெயாரிங் போகும். ரயர் கடைக் கொம்பிரசருக்குக் கொண்டு போகாதேங்கோ, அந்தக் காத்தில தண்ணியும் எண்ணெயும் வரும், அமுக்கமும் கூட.

உ. புரொசசருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையில பூசியிருக்கிற தேர்மல் பேஸ்ட் ரெண்டு மூண்டு வரியத்துக்குப் பிறகு காஞ்சு போயிருக்கலாம். தூசி எடுத்தும் சூடு இறங்காட்டி மட்டும் மாத்துங்கோ. சில விலை கூடின மாடல்ல லிக்விட் மெட்டல் போட்டிருப்பினம், அது கரண்ட் கடத்திற சாமான், போர்டில ஒரு சொட்டு விழுந்தா முடிஞ்சுது. உங்கட மாடல்ல என்ன இருக்கு எண்டு தேடிப் பாத்துப்போட்டுத்தான் ஸ்குரூவைத் தொடுங்கோ, அனுபவமில்லாட்டி பழக்கமான ஆளிட்டக் குடுங்கோ.

5. கேம் பைலைச் சரி பாருங்கோ

சூடும் கரண்டும் சரியெண்டு கண்டாப்பிறகுதான் இது. ஸ்டீமில கேமை ரைட் கிளிக், புரொப்பட்டீஸ், இன்ஸ்டோல்ட் ஃபைல்ஸ், அதில வெரிஃபை. எபிக்கில மூண்டு புள்ளி, மனேஜ், வெரிஃபை. பழுதான பைலை மட்டும்தான் திருப்பி இறக்கும், அழிச்சு 80 ஜிபியையும் திருப்பி இறக்கத் தேவையில்லை. டொங்கிளில டவுன்லோட் அறுந்து அறுந்து வந்த கேமுக்கும், சிநேகிதனிட்ட இருந்து ஹார்ட்டிஸ்க்கில கொப்பி பண்ணின கேமுக்கும் இதைக் கட்டாயம் செய்யுங்கோ. பெரிய அப்டேட்டை இரவு டேட்டா நேரத்துக்கு விடுங்கோ.

வெளி ஹார்ட்டிஸ்க்கில இருந்து நேர விளையாடினா அந்த கேபிள் ஆடுற நேரம் கேம் விழும். உள் டிஸ்க்குக்கு மாத்திப்போட்டுச் சோதியுங்கோ.

கிராக் கேமுக்கு இந்த வழிகாட்டியால உதவ ஏலாது. வைரஸ் கார்ட் ஒரு பைலைத் தூக்கியிருக்கும், எது மூலப் பைல் எது மாத்தினது எண்டு ஆருக்கும் தெரியாது, சரிபாக்க வழியும் இல்லை. அதில வாற கிராஷை வச்சு லப்டொப் பழுதெண்டு முடிவெடுக்காதேங்கோ. இலவசக் கேம் ஒண்டைப் போட்டு ஓடவிட்டு, அது விழுதோ எண்டு பாருங்கோ.

6. கிராஃபிக்ஸ் டிரைவர்

அண்மையில டிரைவர் அப்டேட் ஆகின பிறகு தொடங்கினதெண்டால் டிவைஸ் மனேஜரில ரோல் பாக் (முந்தின டிரைவருக்குத் திரும்பிறது) செய்யுங்கோ, டேட்டா செலவில்லை. புது டிரைவர்தான் எப்பவும் நல்லது எண்டதை நம்பாதேங்கோ, பழைய கார்டுக்குச் சிலவேளை பழையது நல்லா ஓடும்.

அதுக்கும் சரிவராட்டி சுத்தமா எடுத்துப் போடுறது. ஒழுங்கு முக்கியம். முதல் புது டிரைவரை இறக்கி டிஸ்க்கில வையுங்கோ, அரை ஜிபிக்கு மேல வரும். பிறகு பழைய டிரைவரைத் துடைச்செடுக்கிற டி.டி.யு எண்ட சொப்ட்வெயாரை இறக்குங்கோ. பிறகு இன்டர்நெட்டை நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி நீங்கள் அழிக்க அழிக்க விண்டோஸ் தன்ர டிரைவரைப் போடும். சேஃப் மோடுக்குப் போய் டி.டி.யுவை ஓடவிட்டு, சாதாரணமா ரீஸ்டார்ட் ஆனாப்பிறகு டிரைவரைப் போட்டு, அதுக்குப் பிறகுதான் இன்டர்நெட். கனபேர் அழிச்சுப்போட்டுத்தான் டிரைவரைத் தேடப் போகினம், அந்த நேரம் சிக்னலும் இல்லாட்டி மங்கின ஸ்கிரீனோட இருக்க வேண்டியதுதான்.

இன்னொண்டு, கேமிங் லப்டொப் கனக்கத்தில ரெண்டு கிராஃபிக்ஸ் இருக்கு, புரொசசரோட சேந்த சின்னது ஒண்டு, தனிப் பெரிய கார்ட் ஒண்டு. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் எண்டு போய் அந்தக் கேமுக்கு ஹை பெர்ஃபோமன்ஸ் எண்டு குடுங்கோ. சின்னதில ஓடினா வீடியோ மெமரி காணாது எண்டு விழலாம்.

13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல்லில கிராஷ் எண்டு 2024இல பெரிய கதை வந்தது, அது டெஸ்க்டொப் புரொசசரில. லப்டொப் புரொசசருக்கு அந்தப் பிரச்சினை இல்லை எண்டு இன்டெல் சொன்னது. அதுக்குப் பயந்து லப்டொப்பை விக்காதேங்கோ.

7. மெமரியும் டிஸ்க் இடமும்

8 ஜிபி ராமில புதுக் கேமும் குரோமும் டிஸ்கோர்டும் ஒண்டா ஓடாது. விளையாட முதல் மற்றதை மூடுங்கோ. இடம் மிச்சம் பிடிக்க பேஜ் ஃபைலை நிப்பாட்டச் சொல்லி ஆரும் சொல்லியிருந்தா அதைத் திருப்பி, விண்டோஸே பாத்துக்கொள்ளட்டும் எண்டு விடுங்கோ, ராம் முடியேக்க போக ஒரு இடம் இல்லாட்டி கேம் சொல்லாமல் விழும். சி டிரைவில ஆகக் குறைஞ்சது 20 ஜிபியாவது வெறுமையா இருக்கட்டும்.

8. ஆரும் பாக்காத சின்ன விசயங்கள்

விண்டோஸ் யூசர் பேரைத் தமிழில வச்சிருக்கிறியளோ? பார்க்க வடிவு, ஆனா யூசர் ஃபோல்டரும் தமிழில உண்டாகியிருந்தா சில கேம்கள் அந்தப் பாதையை வாசிக்க ஏலாமல் திறந்தவுடன மூடும். பிறகு பேரை மாத்தினாலும் ஃபோல்டர் மாறாது. ஆங்கில எழுத்தில புது யூசர் ஒண்டை உண்டாக்கி அதில ஓடவிட்டுப் பாருங்கோ.

டிஸ்கோர்ட், எக்ஸ்பொக்ஸ் கேம் பார், என்விடியா, ஆஃப்டர்பேர்னர் ஓவர்லே (கேமுக்கு மேல தெரியிற பெட்டியள்) எல்லாத்தையும் நிப்பாட்டி ஒருக்கா விளையாடுங்கோ. நிண்டா ஒவ்வொண்டாத் திருப்பிப் போட்டு எது எண்டு பிடியுங்கோ. டொக்கியூமன்ட்ஸ் ஃபோல்டரை வன்டிரைவ் எடுத்திருந்தா சேவ் பண்ணுற நேரம் இழுபட்டு விழுறதும் இருக்கு. சேவ் பண்ணேக்க மட்டும் கிராஷ் எண்டால் இதையும் வைரஸ் கார்டையும் பாருங்கோ. திறக்கவே ஏலாமல் டி.எல்.எல் இல்லை எண்டு வந்தா, அந்த டி.எல்.எல்லைத் தனியத் தேடி இறக்காதேங்கோ, மைக்ரோசொஃப்டின்ர விஷுவல் சி பிளஸ் பிளஸ் பொதியை x86, x64 எண்ட ரெண்டு வகையும் போடுங்கோ.

9. ராமும் டிஸ்க்கும்

விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக் எண்டு ஸ்டார்ட்டில தேடி ஓடவிடுங்கோ. கூட உறுதி வேணும் எண்டால் மெம்டெஸ்ட் 86ஐப் பென்டிரைவில போட்டு ராவு முழுக்க விடலாம், கரண்ட் நிக்காத நாளாப் பாருங்கோ. ஒரு பிழை வந்தாலும் ராம் சரியில்லை, "ஒண்டுதானே" எண்டு விடேலாது. ரெண்டு ராம் போட்டிருந்தா ஒண்டைக் கழட்டி மற்றதில விளையாடி, பிறகு மாத்திப் பாருங்கோ. பிறகு வாங்கிப் போட்ட ராமும் முதல் வந்ததும் ஒத்துப்போகாமல் இருக்கிறது கனக்க இடத்தில காணுறன்.

டிஸ்க்குக்கு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ பாருங்கோ, குட் இல்லாமல் கோஷன் எண்டு வந்தா அண்டைக்கே பைல்களை எடுத்து வையுங்கோ.

10. கடைசி ரெண்டு: பயோஸும் விண்டோஸும்

பயோஸ் (லப்டொப் எழும்பேக்க முதல் ஓடுற, போர்டில இருக்கிற சொப்ட்வெயார்) அப்டேட் ஓடேக்க கரண்ட் போய் லப்டொப் நிண்டா போர்டே எழும்பாமல் போகலாம். அதால பற்றரி நல்லதா, நிறைய சார்ஜோட, அடப்டரும் குத்தியிருந்தா மட்டும் செய்யுங்கோ. 3ஆம் படியில பற்றரி செத்ததெண்டு கண்டிருந்தா தொடவே வேண்டாம்.

விண்டோஸ் ரீசெட் இதுக்குப் பிறகுதான். அதுக்கும் முதல் டெர்மினலை அட்மினா திறந்து எஸ்.எஃப்.சி எண்ட மூண்டு எழுத்து, ஒரு இடைவெளி, ஸ்லாஷ், ஸ்கேன்நவ் அடிச்சு ஓடவிடுங்கோ, சிஸ்டம் பைலைத் தானே சரிபாக்கும். ரீசெட் பண்ணினா ஒரு கேமும் கிராஃபிக்ஸ் டிரைவரும் மட்டும் போட்டு விளையாடுங்கோ. அப்பவும் விழுந்தா இனி அது பெரும்பாலும் ஹார்ட்வெயார், நீங்கள் வீட்டில செய்யக்கூடியது முடிஞ்சுது.

வாரண்டி இருந்தா கொழும்புக்கு அனுப்ப வேண்டி வரலாம், இல்லாட்டி வவுனியா, யாழ்ப்பாணத்தில போர்ட் வேலை தெரிஞ்ச இடம். குடுக்கேக்க "கேம் விளையாடேக்க நிக்குது" எண்டு மட்டும் சொன்னா அவை ஒருக்கா ஓன் பண்ணிப் பாத்து நல்லா இருக்கெண்டு திருப்பித் தருவினம், பஸ் காசும் கிழமையும் வீண். அடப்டரையும் கட்டாயம் சேத்துக் குடுங்கோ. எந்தக் கேமில எத்தினை நிமிசத்தில நிக்குது, மாக்சிமம் சூடு எவ்வளவு, ஈவன்ட் நம்பர் என்ன, எந்த எந்தச் சோதனை செய்து முடிஞ்சுது எண்டு கொப்பியில இருக்கிறதை ஒரு தாளில எழுதி மூடியில ஒட்டி விடுங்கோ. சொந்த பைலை எடுத்துப்போட்டு, பாஸ்வேர்ட் இல்லாத இன்னொரு யூசரைத் திறந்து, அதில ஓடக்கூடிய மாதிரி கிராஷ் ஆகிற கேமையும் வச்சு அனுப்புங்கோ, அப்பத்தான் அவையும் அதே இடத்தில விழுத்திப் பாக்கலாம்.